சாரா பீவி வீட்டு மாடி ரயில்

எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஒரு ரயில் ஓடுகிறது. தென்னூருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் இதைச் சொன்னால், மேம்பாலத்துக்குக் கீழே போகிற கரூர் லைனைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. இது சாரா பீவி அக்காவின் ரயில். இஞ்சின் ஒரு பூவன் பழ நீளம்தான் இருக்கும். ஆனால் அதைத் தண்டவாளத்தில் வைத்துக் கரண்ட் கொடுத்துவிட்டால் டவுன் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் போய் நிற்கும். அந்த டவுன் ஸ்டேஷன், காவிரி, ஸ்ரீரங்கம் எல்லாமே அக்கா பிளைவுட் பலகை மேல் செய்து வைத்தவை.

அக்கா காட்டூரில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்ததும் தென்னூர் அப்துல் ஹலீமுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஹலீம் அண்ணன் எலக்ட்ரீஷியன். மகள் அல்ஷிஃபா நடக்க ஆரம்பித்த சமயத்தில் சவுதிக்குப் போனார். தமாமில் மீனும் கறியும் வைக்கிற பெரிய குளிர்பதனக் கிடங்கில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பிப் போகிற நாள் வந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ரொம்பக் கொஞ்சம்தான் வரும் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்.

அல்ஷிஃபா பத்தாவது படிக்கும்போது வந்த லீவில் அண்ணன் பெட்டியைத் திறந்தார். சாக்லேட், அத்தர், தங்கச்சிகளுக்குத் துணி எல்லாம் எடுத்து வைத்தபிறகு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. மேலே கறுப்பு நீராவி இஞ்சின் படம்.

"இது யாருக்குங்க?" என்று அக்கா கேட்டார்.

"எனக்குத்தான்" என்றார் அண்ணன்.

அங்கே ஒரு கடையின் கண்ணாடிக்குள் இந்த ரயில் சுற்றிச் சுற்றி ஓடுமாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பாராம். கடைசியில் வாங்கிவிட்டார். ஆனால் அவர் தங்கியிருந்த அறையில் நாலு கட்டில். தண்டவாளம் விரிக்கத் தரையே கிடையாது. அதனால் பிரிக்காமல் அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தார். ஹாலில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வட்டமாகத் தண்டவாளத்தை மாட்டி, லீவு முடியும் வரை தினமும் ஓட்டினார். அல்ஷிஃபாவைக் கூப்பிட்டால், "அத்தா, எனக்கு டெஸ்ட் இருக்கு. நீங்களே விளையாடுங்க" என்றுவிடுவாள். அவர் கிளம்பிப் போனதும் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் போனில் அண்ணன் கேட்டார். "சாரா, ட்ரெயின எடுத்து ஓட்டிப் பாத்தியா?"

"ஓட்டுனேங்க. நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டார் அக்கா.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று பிற்பாடு நான் கேட்டேன்.

"அங்க அவருக்கு வேற என்ன இருக்கு மலரு? ஓடுதுன்னா சந்தோஷப்படுவாருன்னு வாயில வந்துருச்சு. உடனே, 'அப்ப நாளைக்கு வீடியோ கால்ல காட்டு'ன்னுட்டாரு!"

அப்படித்தான் ஆரம்பித்தது எல்லாம். மறுநாள் காலை பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அட்டையில் போட்டிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அக்கா தண்டவாளத்தை மாட்டினார். பிளக்கைச் செருகினார். இஞ்சின் ஒரு உதறு உதறியது, நின்றது. விரலால் தள்ளினால் கொஞ்சம் போகும். மறுபடி நிற்கும். பயந்துபோய் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். நான் தனியார் கிளினிக் ஒன்றில் நர்ஸ். எனக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதையே பார்த்தோம்.

அந்த அமைப்பு ரொம்பச் சாதாரணமானதுதான். சுவரில் செருகுகிற பெட்டி, வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்பும். ஒரு பக்கத் தண்டவாளம் பிளஸ், இன்னொரு பக்கம் மைனஸ். இஞ்சினின் சக்கரங்கள் அந்தக் கரண்டை எடுத்து உள்ளே இருக்கும் குட்டி மோட்டாருக்குக் கொடுக்கும். பெட்டியில் உள்ள குமிழைத் திருகினால் வேகம் கூடும். எதிர்ப்பக்கம் திருகினால் பிளஸும் மைனஸும் இடம் மாறி, ரயில் பின்னால் ஓடும். அவ்வளவுதான். இது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. அக்காதான் திடீரென்று, "மிக்ஸி ஜார் அடியில அழுக்கு சேந்தா இப்படித்தான் திக்கித் திக்கி ஓடும்" என்றார். நான் ஓடிப்போய் வீட்டிலிருந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வந்தேன். தண்டவாளத்தைத் துடைக்கத் துடைக்கப் பஞ்சு கரியாகிக்கொண்டே வந்தது. சக்கரங்களையும் துடைத்தோம். மறுபடி குமிழைத் திருகியதும் இஞ்சின் எங்கள் மூக்குக்கு முன்னால் விர்ரென்று ஓடியது. அக்கா, "அல்லாஹ்!" என்று கையைத் தட்டிவிட்டார்.

வீடியோ காலில் அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. அந்த அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் கட்டிலை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ரயில் பரணுக்குப் போகவே இல்லை. துணி காயப்போடுகிற மாடி அறைக்குப் போனது. அண்ணன் ஒவ்வொரு லீவிலும் தண்டவாளம் கொண்டுவருவார். அவர் சவுதிக்குத் திரும்பிப் போனபிறகு அக்கா அதைப் பொருத்துவார். பலகை ஒன்று இரண்டாகி, மூன்றாகி, அறையின் மூன்று சுவரையும் ஒட்டிப் போய்விட்டது. ஐஸ்கிரீம் குச்சிகளை வெட்டி ஒட்டிப் பாலம் கட்டினார். காவிரிக்கு நீலப் பெயின்ட் வாங்கி வந்தவர், யோசித்துப் பார்த்துவிட்டு முக்கால்வாசி இடத்தில் பசை தடவி மணலைத் தூவினார். நடுவில் மட்டும் இரண்டு கோடு தண்ணீர் விட்டார். "வருஷத்துல பாதி நாளு இப்படித்தானே கெடக்கு" என்றார்.

வந்த சிக்கல் ஒன்றே ஒன்று. டவுன் ஸ்டேஷனில் ஜம்மென்று கிளம்புகிற ரயில், பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் நெருங்கும்போது தள்ளாடும். குமிழை முழுக்கத் திருகினாலும் ஊர்ந்துதான் போகும். சக்கரத்தைக் கழுவினார், இஞ்சினுக்கு எண்ணெய் விட்டார், பலகையைத் தூக்கி மட்டம் பார்த்தார். மாற்றமே இல்லை.

அந்தச் சமயத்தில் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஸ்ரீரங்கத்தில் மேலச்சித்திரை வீதிப் பக்கம் ரெங்கராஜ் என்று ஒரு பல் டாக்டர். வலிக்காமல் செய்வார் என்று நான்தான் கூட்டிப்போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த அக்கா, டாக்டரின் தலைக்கு மேல் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். அங்கே ஒரு பச்சை இஞ்சின் நின்றுகொண்டிருந்தது. ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு, "ஆ... ஆ..." என்று விரலை நீட்டினார்.

"வலிக்கறதாம்மா?" என்று டாக்டர் பதறினார்.

"வலி இல்ல டாக்டர். உங்க ரயில பாத்துட்டாங்க. அவங்க வீட்டுலயும் ஒண்ணு ஓடுது" என்று நான் சொன்னேன்.

டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் சின்னதாக ஸ்ரீசூர்ணம். "நம்ம திருச்சியிலயா? என்ன ஸ்கேல், எவ்ளோ பெரிசு? யார் ஓட்டறா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். அக்கா பதில் சொல்ல முடியாமல் கண்ணால் கெஞ்சினார். கடைசியில் மருந்துச்சீட்டைத் திருப்பி, அதில் பலகையை வரைந்து, ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'இங்கே ஸ்லோ' என்று எழுதிக் காட்டினார்.

டாக்டர் அதைப் பார்த்து, "கரண்ட் எங்கேர்ந்து கொடுக்கறேள்? டவுன் ஸ்டேஷன்ல மட்டுமா?" என்றார்.

அக்கா தலையாட்டினார்.

"அதான். ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் கொஞ்சம் கொஞ்சம் குறைஞ்சுடும். ஸ்ரீரங்கம் வர்றதுக்குள்ள பாவம், என்ன மிச்சம் இருக்கும்?"

அக்கா பல்லை மறந்துவிட்டார். வரும் வழியிலேயே சிங்காரத்தோப்பில் இறங்கி, தடித்த ஒயரும் சால்டரிங் அயர்னும் வாங்கினார். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, டவுனிலிருந்து ஸ்ரீரங்கம் வரை இரண்டு தடித்த ஒயர்களை இழுத்து, அங்கங்கே மெல்லிய ஒயரால் தண்டவாளத்தோடு சேர்த்தார். ஈயம் சொட்டிக் கழுத்தில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. அதன்பின் ரயில் ஸ்ரீரங்கத்துக்குள்ளும் அதே வேகத்தில் நுழைந்தது. டாக்டர் ரெங்கராஜ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பச்சை இஞ்சினோடு வந்து, அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் வீட்டில் ரயில் ஓட்ட இடமில்லையாம். அது ஒன்றுதான் தன் வாழ்க்கையில் குறை என்றார்.

அண்ணன் அடுத்த லீவில் இரண்டாவது இஞ்சின் கொண்டுவந்தபோது வேறு தலைவலி. ஒரே தண்டவாளத்தில் இரண்டையும் வைத்தால், குமிழைத் திருகியதும் இரண்டுமே கிளம்பிவிடும். தண்டவாளத்தில் வருகிற கரண்டுக்கு எந்த இஞ்சின் என்று தெரியாதே! அக்கா தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். துண்டுக்குத் துண்டு கரண்ட் தாண்டாதபடி இடையில் பிளாஸ்டிக் இணைப்பு. துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். சமையல்கட்டில் கழற்றிப் போட்ட பழைய சுவிட்ச் போர்டில் அவற்றை வரிசையாகப் பொருத்தி, நெயில் பாலிஷால் நிறம் தீட்டினார். கறுப்பு இஞ்சின் ஸ்ரீரங்கத்தில் நிற்க வேண்டுமென்றால் அந்தத் துண்டின் சுவிட்சை அணைப்பார். மற்றது பாலத்தில் வரும். அது வந்து ஒதுங்கியதும் இதை விடுவார். பார்க்காமலேயே அவர் விரல்கள் அந்த சுவிட்சுகளில் ஓடும். கிளினிக்கில் அலுத்துப்போய் வருகிற நாட்களில் நான் மாடிக்குப் போய் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கொரோனா வந்தது. அண்ணனால் லீவில் வர முடியவில்லை. அல்ஷிஃபா படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். அதற்குப் பின் ஒருமுறை அண்ணன் வந்தபோதும், அக்காவின் மாமியார் மௌத்தாகி அந்தத் துக்கத்துக்கு வந்ததால் மாடி ஏறவே நேரமில்லை. எல்லாம் போன் திரையில்தான் பார்த்தார். போன வருடம்தான், கிடங்கை மூடப்போகிறார்கள் என்று ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார்.

வந்த மறுநாள் மாடி அறை வாசலில் வெகுநேரம் நின்றார். "மாஷா அல்லாஹ்... சாரா, இது போன்ல பாக்குறப்ப இவ்ளோ பெருசா தெரியலயே" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்று சுவிட்சுகளை இயக்கி எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினார்.

அண்ணன் கொண்டுவந்த பெட்டியில் ஒரு டிஜிட்டல் செட் இருந்தது. அதில் தண்டவாளத்துக்கு எப்போதும் முழுக் கரண்டும் போய்க்கொண்டிருக்கும். கையில் பிடிக்கிற ரிமோட்டில் இஞ்சினின் நம்பரைத் தட்டினால், உத்தரவு அந்தத் தண்டவாளத்தின் வழியாகவே போகும். இஞ்சினுக்குள் நகம் அளவு ஒரு சில்லு, கம்ப்யூட்டர் சிப் மாதிரி, இருக்கும். தன் நம்பருக்கு வந்த உத்தரவை மட்டும் அது எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். மூன்றாம் நம்பருக்குச் சொன்னால் மூன்றாம் நம்பர் மட்டும் போகும். சுவிட்சே தேவையில்லை.

"இனிமே இந்த போர்டெல்லாம் எதுக்கு சாரா? உனக்கும் சுலபம்" என்றார் அண்ணன்.

"பாக்கலாங்க" என்று மட்டும் சொன்னார் அக்கா.

அந்த வாரமே காட்டூரில் தங்கை மகளுக்கு நிக்காஹ். பயணக் களைப்பு தீரவில்லை என்று அண்ணனை விட்டுவிட்டு அக்கா மட்டும் காலையிலேயே கிளம்பிவிட்டார். அண்ணன் வேலை பார்த்துப் பழகிய மனுஷன். வீட்டில் சும்மா உட்காரத் தெரியவில்லை. அக்கா சாயங்காலம் வந்து பார்த்ததும் அசந்துபோகட்டும் என்று மாடிக்குப் போனார். சுவிட்ச் போர்டின் ஒயர்களைக் கழற்றினார். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக இணைத்து, டிஜிட்டல் பெட்டியைப் பொருத்தினார். புது டீசல் இஞ்சின் பிரமாதமாக ஓடியது. சில்லு இல்லாத பழைய இஞ்சினையும் அதில் ஓட்டலாம் என்று செட்டோடு வந்த குறிப்பில் போட்டிருந்தது. அதை நம்பிக் கறுப்பு இஞ்சினையும் ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் வைத்தார். ஓட்டலாம், ஆனால் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அதே குறிப்பின் கடைசியில் இருந்ததை அவர் படிக்கவில்லை. முழுக் கரண்டும் பிளஸ், மைனஸ் என்று படபடவென மாறி மாறிச் சதா பாய்கிற தண்டவாளத்தில், அதைத் தடுக்கச் சில்லு இல்லாத மோட்டார் முன்னும் பின்னும் போகாமல் நின்ற இடத்திலேயே சூடாகும். கறுப்பு இஞ்சின் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. அண்ணன் அதைச் சாதாரணச் சத்தம் என்று நினைத்தார். கீழே பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து யாரோ பார்க்க வந்தார்கள். பேசிவிட்டு மேலே வந்தபோது அறையெல்லாம் கருகிய வாடை.

அக்கா திரும்பி வந்து படியேறும்போதே அந்த வாடை தெரிந்துவிட்டது. கறுப்பு இஞ்சினைக் கையில் எடுத்தார். அடிப்பாகம் இளகி வளைந்திருந்தது. கழற்றிப் போட்டிருந்த சுவிட்ச் போர்டைப் பார்த்தார். கீழே இறங்கி, நிக்காஹ் வீட்டுப் பிரியாணியைச் சூடு பண்ணி அண்ணனுக்கு வைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா மாடிக்குப் போகவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. காய்கறி பற்றிப் பேசுவார், அல்ஷிஃபாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பது பற்றிப் பேசுவார், அண்ணனுக்குப் பிடித்த மாதிரி மீன் குழம்பு வைப்பார். ரயில் என்ற சொல் மட்டும் வாயில் வராது. அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் நான் டூட்டி முடிந்து வரும்போது வாசலில் நின்றிருந்தார்.

"மலரு, உங்க அக்கா ரெண்டு திட்டு திட்டுனாக்கூடப் பரவால்லம்மா. நீயாவது கேட்டுச் சொல்லேன்" என்றார்.

"நான் எதுக்குண்ணே நடுவுல? நீங்களே கேளுங்க" என்றேன்.

கேட்டிருக்கிறார். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாராம்.

"இஞ்சின் போனது போகட்டுங்க. சாமான்தானே. ஆனா நீங்க லீவுல வரப்பல்லாம் இந்த வீட்டுல ஒரு டம்ளரக்கூட இடம் மாத்தி வெச்சதில்ல. 'நீ இருக்கிற வீடு, உனக்குத்தான் தெரியும்'னு சொல்வீங்க. இப்ப ஒரேயடியா வந்ததும் என்னைய ஒரு வார்த்த கேக்கத் தோணல பாருங்க. அதான் எனக்கு."

அண்ணன் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து அதில் இஞ்சினைப் படுக்கப்போட்டு, தனியாக ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார். டாக்டர் ரெங்கராஜை அதுவரை அவர் நேரில் பார்த்ததில்லை. மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, முறை வந்ததும் உள்ளே போய் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

டாக்டர் பல்லுக்குப் பார்க்கிற விளக்கையும் லென்ஸையும் வைத்து மோட்டாரைப் பிரித்தார். "கம்பிச் சுருள் மூணும் கருகிடுத்து. இந்த மாடல் இப்ப அவா பண்றதில்ல. புது மோட்டார் கிடைக்கறது கஷ்டம்" என்றார்.

"நானே சுத்துறேன் டாக்டர். எத்தனையோ மோட்டார் சுத்தியிருக்கேன்" என்றார் அண்ணன்.

சுற்றினார். ஆனால் அவர் சுற்றிப் பழகியதெல்லாம் ஆள் உயர மோட்டார்கள். இதில் கம்பி தலைமுடியை விட மெல்லிசு. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பாதியில் அறுந்தது. மறுபடி சுற்றினால் மறுபடி அறுந்தது. ஒரு வாரம் இப்படியே போனபிறகு, எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கு வந்தார்.

"எனக்கு இதுக்கு விரல் பத்தல சாரா. நீ சுத்துறியா? நான் கம்பிய விட்டுக் கொடுக்குறேன்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். ஹால் ஜன்னல் வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணன் உருளையைப் பிடித்துக் கம்பியை விட, அக்கா ஒவ்வொரு சுற்றாக இழுத்து அமர்த்தினார். பேசியதெல்லாம் "கொஞ்சம் லூசா விடுங்க", "போதும்", "ம்". அவ்வளவுதான். தண்ணீர்க்காரர் வந்திருப்பதைச் சொல்ல வந்த நான், ஜன்னல் வழியாக இதைப் பார்த்ததும் உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன்.

மோட்டார் ஓடியது. முன்னைவிடக் கொஞ்சம் சத்தம், ஆனால் ஓடியது. அண்ணன் அன்றே, "போர்ட பழையபடி மாட்டிடுறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரோடு மாடிக்குக் கிளம்பினார்.

"இருங்க. அந்தக் குறிப்பக் கொடுங்க. நான் படிச்சுப் பாக்குறேன்" என்றார் அக்கா.

அல்ஷிஃபாவைப் போனில் பிடித்து, புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு அதைக் கடைசி வரி வரை படித்தார். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அக்காவுக்குப் பிடிவாதம் கிடையாது. அவருக்கு நெடுநாளாக ஒரு ஆசை இருந்தது. நிஜப் பாலத்தில் நீளமான கூட்ஸ் வண்டியைப் பின்னாலிருந்து இன்னொரு இஞ்சின் தள்ளிக்கொண்டு போவதை ஒருமுறை ஸ்ரீரங்கம் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். சுவிட்ச் போர்டில் அது முடியாது. ஒரே துண்டில் இரண்டு இஞ்சின்கள் நெருங்கினால் ஒன்று நிற்க, மற்றது மட்டும் மெல்ல வந்து தொட வழியில்லை. டிஜிட்டலில் முடியும்.

"டிஜிட்டலே இருக்கட்டும்" என்றார். "ஆனா என் சுவிட்செல்லாம் பழைய எடத்துலயே திரும்ப வரணும். எங்கயாச்சும் ஷார்ட் ஆச்சுன்னா ஒவ்வொரு துண்டா அணைச்சுப் பாத்து எங்கன்னு கண்டுபுடிக்கலாம். கறுப்பு இஞ்சினுக்கு நானே சில்லு வைக்கிறேன்."

"உன் இஷ்டம்தான்" என்றார் அண்ணன்.

"இஷ்டம்லாம் இல்ல. சரியா சொல்றேனா, இல்லையா? அதச் சொல்லுங்க."

அண்ணன் யோசித்தார். "சரியாத்தான் சொல்ற. நான் அப்படி யோசிக்கல" என்றார்.

சில்லு வைத்தது சுலபமாக இல்லை. பழைய இஞ்சினில் மோட்டாரின் ஒரு முனை இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் தண்டவாளத்துக் கரண்ட் நேராக மோட்டாருக்குள் புகுந்து சில்லைத் தீர்த்துவிடும். அக்கா என்னிடம் பிளாஸ்திரி கேட்டார். அது தடிமனாக இருந்தது. கடைசியில் மெல்லிய மின்காப்பு டேப்பை ரிப்பன் மாதிரி வெட்டி, மோட்டாரை உடம்பிலிருந்து முழுக்கப் பிரித்தார். சிவப்பு, கறுப்பு ஒயர்கள் சக்கரத்திலிருந்து சில்லுக்கு. ஆரஞ்சு, சாம்பல் ஒயர்கள் சில்லிலிருந்து மோட்டாருக்கு. மூடுவதற்கு முன் மீட்டரை வைத்து அண்ணன் சோதித்தார். எங்கேயும் தொடவில்லை. இஞ்சினின் கூண்டுக்குள் டிரைவர் நிற்கிற இடத்தைச் சில்லு அடைத்துக்கொண்டதால், பிளாஸ்டிக் டிரைவரை எடுத்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டார்கள். அல்ஷிஃபா சென்னையிலிருந்து வந்திருந்தாள். டாக்டர் ரெங்கராஜ் மனைவியோடு வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் சுவரோடு ஒட்டி நின்றோம். அண்ணன் கையில் ஒரு ரிமோட், அக்கா கையில் ஒன்று. டீசல் இஞ்சின் சரக்குப் பெட்டிகளோடு டவுனிலிருந்து கிளம்பியது. பாலத்தின் முகப்பில் அண்ணன் அதை நிறுத்தினார். அக்கா கறுப்பு இஞ்சினைப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு வந்தார். அவ்வளவு மெதுவாக அது வந்து இதுவரை நான் பார்த்ததில்லை. கடைசிப் பெட்டியை 'டிக்' என்று தொட்டது.

"போலாமா?" என்றார் அண்ணன்.

"போலாம்."

இரண்டும் சேர்ந்து பாலத்தின் மேல் ஏறின. நடுப்பாலத்துக்கு வந்ததும் அண்ணன் ஆர்வத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டார். பெட்டிகள் பிய்த்துக்கொண்டு முன்னால் போக, கறுப்பு இஞ்சின் மட்டும் காவிரிக்கு மேல் தனியாக நின்றது.

"அத்தா!" என்று அல்ஷிஃபா கத்தினாள்.

"கூட ஒரு ஆள் தள்ளிட்டு வராங்கன்னு நெனப்பே கெடையாது இவருக்கு" என்றார் அக்கா. அண்ணன் அசடு வழிய ரயிலைப் பின்னால் கொண்டுவந்தார். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை சரியாகப் போனது. மூன்றாவது தடவை இன்னும் சரியாக. அப்புறம் எல்லோருக்கும் ரிமோட் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது அவர்கள் வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீரங்கம் போகிறார்கள். ரெங்கராஜ் கிளினிக்கின் காத்திருப்பு அறையில், நோயாளிகளின் தலைக்கு மேல் சுவரைச் சுற்றிப் பலகை அடித்து ரயில் விடுகிற வேலை நடக்கிறது. பல் பிடுங்கப் பயந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்பது டாக்டரின் எண்ணம். போன வாரம் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்கா முக்காட்டை இறுக்கி முடிந்துகொண்டு ஏணி மேல் நின்று ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார். கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் தன் முறை வந்தும் உள்ளே போகாமல் யார் சொல்வது சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாசப்பக்கம் தனித் துண்டா இருக்கட்டும் சாரா."

"அங்க எதுக்குங்க? ஸ்டேஷனே இந்தப் பக்கம்தானே வருது?"

"வண்டி ரெண்டு ஆயிட்டா?"

அக்கா ஏணியில் நின்றபடியே கொஞ்சம் யோசித்தார். பிறகு கீழே கையை நீட்டி, "அப்படின்னா அந்த பிளாஸ்டிக் இணைப்ப எடுங்க" என்றார்.